நான்கு நெல், எட்டு இண்டிகேட்டர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. கார் ஓட்டத் தொடங்கி நாற்பத்தொரு வருடம். இதுவரை இரண்டு கீறல். இரண்டுமே வண்டி நின்றுகொண்டிருந்தபோது விழுந்தவை. இருந்தும் சென்னையிலிருந்து வந்த மகன் என் பழைய காரின் சாவியைக் கேட்டான்.

"வயசாயிடுச்சு நைனா. இனிமே நீ ஓட்ட வேணாம். இப்ப வண்டி தானே ஓடுது, வந்து பாரு."

அவனுடைய புதுக் காரில் அவலூர்பேட்டைக்குக் கிளம்பினோம். ரோட்டின் வெள்ளைக் கோடுகளைப் பார்த்து அது தானே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொள்ளும். செஞ்சியைத் தாண்டியதும் மகன் ஒரு விரலால்தான் தொட்டுக்கொண்டிருந்தான். ரெண்டு கையும் வை என்று ஐந்து தடவை சொல்லிவிட்டேன். கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்த சாவியைப் பிடித்துக்கொண்டேன்.

அறுவடைக் காலம். எங்கள் பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டு, சுற்றிலும் கல் அடுக்கியிருந்தார்கள். மகன் வலப்பக்கம் ஒதுக்கினான். நடுக்கோட்டைத் தொட்டதும் கார் பீப் என்று கத்தி, இடப்பக்கமே இழுத்தது. ஒரு கல்லைத் தள்ளிவிட்டு நெல்மேல் ஏறி நின்றது.

நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடிவந்தார். "இன்னாய்யா, கண்ணு தெரியல உனக்கு?"

"நான் இல்லம்மா, வண்டிதான்..." என்றான் மகன்.

"அப்ப வண்டிய எறங்கச் சொல்லு, அதுங்கிட்டயே கேக்கறேன்!"

இறங்கி, நெல்லை ஒதுக்கிக் கல்லை வைத்துவிட்டு, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். "நவுருடா."

அடுத்த நெல் வந்தது. வலது இண்டிகேட்டர் போட்டேன். ஆளில்லாத ரோட்டிலும் போடுவேன்; "காக்காவுக்கா சிக்னல் காட்டற?" என்று மகன் சிரிப்பான். அன்று கார் கத்தவில்லை, இழுக்கவில்லை. சாதுவாகக் கோட்டைத் தாண்டியது. திரும்பி உள்ளே வர இடது இண்டிகேட்டர்.

மகன் போனில் தேடிப் படித்தான். "இண்டிகேட்டர் போட்டா, நாம தெரிஞ்சுதான் தாண்டறோம்னு அது உட்டுடுமாம் நைனா."

"அதுக்குப் புரியுது. உனக்குத்தான் புரியல."

அவலூர்பேட்டைக்குள் நுழையும்போது கேட்டான்: "எத்தினி வாட்டி போட்ட?"

"நாலு நெல்லு. எட்டு."

திரும்பும்போதும் நானே ஓட்டினேன். நெல் இப்போது எதிர்ப்பக்கம்; இண்டிகேட்டருக்கு வேலையில்லை. முதல் நெல் அருகே அந்த அம்மா எங்களை அடையாளம் கண்டுகொண்டார். "ஐயா, நீயே ஓட்டு! அவங்கிட்ட குடுத்துடாத!"

மகன் தலையில் கைவைத்துச் சிரித்தான். "சரி நைனா, சாவிய நீயே வச்சிக்கோ."

ஒன்பதாவது தடவை இண்டிகேட்டர் போட்டு எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். சாவி இருக்கிறதா என்று பையையும் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.