ஆறு முழ வலைக்கு ஐந்து முழக் கயிறு

எட்டாம் மாதம் பிறந்தவீட்டுக்கு, பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்துக்கு வந்தபோது எனக்கு இருந்த ஒரே ஆசை தூக்கம். கட்டிலில் படுத்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது. பாயில் படுத்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள், பொன்னேரியில் மாமியார் வீட்டு மெத்தைக்கே போய்விடுகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நைனா சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். முதல் பிரசவத்துக்கு வந்த மகள் தூக்கமில்லை என்று திரும்பிப் போனால், அப்புறம் அவர் கரையில் எப்படித் தலைகாட்டுவார்?

அன்று மத்தியானமே ஒரு பழைய வலையை நாலாக மடித்து, இரண்டு முனைகளையும் சுருக்கிக் கட்டி, வாசலில் இருந்த பூவரச மரங்களுக்கு நடுவே தொங்கவிட்டார். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கட்டும் இறுக்கம் நாளுக்கு நாள் மாறும். இறுக்கிக் கட்டினால் வலை தோளை நெரிக்கும், தளர்த்தினால் முழங்கால் முகவாயில் இடிக்கும். என் வீட்டுக்காரர் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு போனில் வழி சொன்னார். வலையின் இரண்டு முனைகளையும் மேலே ஒரு கயிற்றால் இணைத்துவிட்டால், மரத்தில் எப்படிக் கட்டினாலும் தொய்வு மாறாதாம். வலை ஆறு முழம் என்றால் அந்தக் கயிறு ஐந்து முழம்.

மருமகன் சொன்ன அளவை நைனா ஒப்புக்கொண்டார், கயிற்றை மட்டும் அவரே முடிவு செய்தார். நங்கூரத்துக்கு வைத்திருந்த புது நைலான். அலை இழுக்கும்போது நீண்டு கொடுப்பதுதான் நல்ல கயிறு என்பது அவருக்கு வேதவாக்கு. என்னைப் படுக்கவிடுவதற்கு முன் தானே படுத்துச் சோதித்தார். கயிறும் வேதவாக்குப்படியே நீண்டது. அது நீள நீள முனைகள் விலகி, வலை விறைத்து, இரண்டு பக்கமும் வந்து அவரைக் கவ்வியது. கையை வெளியே எடுக்க முடியாமல் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா இடுப்பில் கைவைத்து நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் பெரிய மீனு மாட்டிக்கீது," என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் வயிற்றுக்குள்ளிருந்து ஓர் உதை விழுந்தது. நைனா சிரிக்கவில்லை. அடுத்து மிதவைக் கயிற்றைக் கொண்டுவந்தார். வழுவழுவென்று இருந்த அதில் எந்த முடிச்சும் நிற்கவில்லை. அன்று சாயங்காலம் என் துணிப்பையைக் காணோம். தேடினால், நைனா அதை எனக்கு எட்டாத பரணில் ஏற்றி வைத்திருந்தார்.

மறுநாள் அவருடன் நானும் பழவேற்காட்டு வலைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்துப் போட்ட ஒவ்வொரு கயிற்றையும் மேசைக்காலில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். அந்த வயிற்றோடு நான் இழுப்பதைத் தடுக்கவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் நைனா நின்றார். உனக்கு இன்னா கயிறுதான் வேணும் என்று கடைசியில் கேட்டார்.

"எலாஸ்டிக் வேணாம் நைனா, நாடா வேணும். பாவாடை நாடா நீளுமா? முடிச்சு வழுக்குமா?"

கடையில் நாலு ஆம்பளைகள் இருந்தார்கள். நைனா கூரையைப் பார்த்தார். ஆனால் அவர் கை மட்டும் தானாகப் போய், சுண்டுவிரலில் பாதி கனமுள்ள பாலியெஸ்டர் கயிறு ஒன்றை எடுத்தது. முறுக்கியது இல்லை, பின்னியது. இழுத்தேன், நீளவில்லை.

வீட்டில் கயிற்றின் ஒரு முனையை வலை முனையில் மாட்டிய வளையத்தில் நுழைத்துத் திருப்பி, மெல்லிய நூல் கயிற்றால் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். கயிற்றின்மேல் மூன்று சுற்று. பாரம் விழுந்தால் அது கவ்விக்கொள்ளும், பாரம் இல்லாதபோது விரலால் தள்ளினால் நகரும். இடுப்பு வலித்த நாளில் கயிற்றைக் குறைத்துக்கொண்டேன், மூச்சு முட்டிய நாளில் நீட்டிக்கொண்டேன். முதல் நாள் மத்தியானம் படுத்தவள் எழுந்தபோது தெருவிளக்கு போட்டிருந்தார்கள். என் பையும் பரணிலிருந்து இறங்கியிருந்தது.

மகள் பிறந்து மூன்றாம் மாதம் பொன்னேரிக்குத் திரும்பினேன். போன வாரம் அம்மா போனில் புலம்பினாள். நைனா மத்தியானம் என் வலையில்தான் படுக்கிறாராம். கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதாம், எழுந்தால் கழுத்து பிடித்துக்கொள்கிறதாம். முடிச்சைக் கொஞ்சம் தள்ளிவிட வேண்டியதுதானே என்றேன்.

"தொடவே வுடமாட்டேன்றாரு. அது பொண்ணோட அளவாம்."

பழவேற்காட்டுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.