சனிக்கிழமை பின்னேரத்து ரயில்

என் அண்ணை இங்கிலாந்தில் நியூகாசில் ஆஸ்பத்திரியில் செத்துக்கொண்டிருந்தபோது, நான் பாரிஸ் லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடையில் இருந்து ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியின் தம்பி மகனுக்கு லெஸ்டரில் சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஆராத்தி எடுக்கவேண்டிய மாமி இவள்தான். அதற்கென்று அப்போதுதான் வாங்கிய சேலை, பையோடு அவள் மடியில் கிடந்தது.

"முதல் நியூகாசிலுக்குப் போவம். அண்ணையைப் பாத்திட்டு வெள்ளி பின்னேரம் லெஸ்டருக்கு ரயில் எடுக்கலாம்," என்றேன்.

"விசரே உங்களுக்கு? நாங்கள் அங்கை நிக்கேக்கை ஏதும் நடந்தா? முப்பத்தொரு நாள் செத்தவீட்டுத் துடக்கு. மண்டபப் படியும் மிதிக்கேலாது. முதல் தாலி ஏறட்டும்."

அவளைக் குறை சொல்லி என்ன பயன்? வெட்கங்கெட்ட எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சனிக்கிழமை லெஸ்டரில் ஒன்றரைக்கு ஏறி, ஷெஃபீல்டில் ஆறு நிமிஷத்துக்குள் மாறினால் ஐந்தரைக்கு நியூகாசில். அதுவரை அண்ணையின் உயிர் கிடந்தால் போதும். இப்படியும் கணக்குப் பார்த்தேன், தூ!

அண்ணிக்குப் போன் எடுத்து, ரயில் மாறுகிற நேரம்வரை எல்லாம் சொன்னேன். பிறகு வாய் கூசாமல், "அதுக்குள்ளை ஏதும் நடந்தா எங்களுக்கு அறிவிக்க வேண்டாம் அண்ணி. காதிலை விழாட்டித் துடக்கில்லைத்தானே," என்றேன்.

அண்ணி சொன்னார்: "தம்பி, போன் ஸ்பீக்கரிலை கிடக்கு. உங்கடை குரலைக் கேக்கோணும் எண்டு அவர்தான் போடச் சொன்னவர்."

மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அண்ணையின் குரல்.

"டேய், ஷெஃபீல்டிலை மாற உந்த ஆறு நிமிசம் காணாது. அவள் சேலையோடை ஓடமாட்டாள். அடுத்த ரயிலிலை வாங்கோ."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அன்றைக்கே எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளிக்கிட்டிருக்கலாம். "ஓம் அண்ணை" என்று சொல்லி, ஒரு மணித்தியாலம் பிந்திய ரயிலில் இரண்டு டிக்கெட் பதிந்தேன்.

சனிக்கிழமை கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. பாயாசம் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தேன். ஆறரைக்கு நியூகாசில் ஸ்டேஷனில் இறங்கி, எந்த வார்ட் என்று அண்ணியைக் கேட்டேன்.

"வார்ட்டிலை இல்லை தம்பி. நேற்றுக் காலமையே முடிஞ்சுது," என்றார். "கல்யாணம் நல்லா நடந்ததோ?"