கழுத்தோரம் சுழன்ற விசிறி

பேருந்து நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வின் திட்டத்தில் விதோசவா இப்படி வர்ணிக்கப்பட்டிருந்தாள்: “பங்கேற்பாளர்: ஓட்டுநர், பெண், ஐம்பதைக் கடந்தவர். உடலில் அணியும் அளவுக் கருவியின் இயக்கத்தில் குறுக்கிடாதவர். காற்று, வெப்பநிலை ஆகியவை குறித்து முன்முடிவு ஏதும் இல்லாதவர்.”

ஓட்டுநர் என்பது உண்மை. பெண் என்பதும் உண்மை. வயதை அவள் ஒப்புக்கொள்வதில்லை. இருந்தாலும் அதுவும் உண்மைதான். மீதியை எழுதியவர் எங்கள் கமெனோவாட்ஸ் ஊர்ப் பேருந்துப் பணிமனைப் பக்கம் ஒருநாளாவது வந்திருந்தால் பேனாவை மூடிவைத்திருப்பார். விதோசவா குறுக்கிடாத விஷயம் ஊரில் கிடையாது. பணிமனையின் காபி இயந்திரத்திலிருந்து அடுத்தவர் விவாகரத்து வரைக்கும் அவள் கை பட்டிருக்கும். காற்றைப் பற்றியோ அவளுக்கு ஒரே முடிவுதான், அதுவும் பிறவியிலேயே வந்தது: எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைத்தால் குறுக்கே ஓடும் காற்று ஆளைக் கொன்றுவிடும்.

இதில் அவளைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. செர்பியாவில் அரசியல் பேசினால் மூன்று பேருக்கு நான்கு கட்சி. குறுக்குக் காற்று என்று வந்துவிட்டால் எல்லோரும் ஒரே கட்சி. பல்வலி, கழுத்துப் பிடிப்பு, குழந்தையின்மை, மருமகளின் முகவாட்டம் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம். ஜூலை வெயிலில், வேர்வையில் ஊறிய பேருந்தில், யாராவது இரண்டாவது ஜன்னலைத் திறந்தால் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: “எங்களையெல்லாம் சாகடிக்கப் பாக்குறியா? மூடு!”

ஆய்வு வந்த கதை இது. போன கோடையில் ஸ்ரேட்டென் என்ற ஓட்டுநர், விதோசவாவோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவன், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே மயங்கினான். பேருந்து சந்தை நிறுத்தத்தின் நடைமேடையில் ஏறி, ஒரு தர்பூசணிக் குவியலில் போய் நின்றது. நல்லவேளையாக, உடைந்ததெல்லாம் பழங்கள்தான். ஓட்டுநர் இருக்கைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்று தொழிற்சங்கம் கேட்டது. நிறுவனம் மறுக்கவில்லை, மறுப்பதைவிட வசதியான வழி அதற்குத் தெரியும். மதிய நேரத்தில் ஓட்டுநர் இருக்கையைச் சுற்றிக் காற்று முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டுகிறது என்று நிரூபியுங்கள், அடுத்த மாதமே பொருத்துகிறோம் என்றது.

நிரூபிக்க வந்தவர் பேராசிரியர் திஹோமிர். நீளக் கழுத்து, பொறுமையான குரல். தீப்பெட்டி அளவுக் கருவிகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு ஓட்டுநரின் காலரிலும் மாட்டினார். உடம்பில் ஒட்டாமல் சிறு கம்பியில் தள்ளி நிற்கும். வெயில் நேரே படாதபடி வெள்ளை மூடி. உள்ளே கடுகளவு ஒரு விசிறி.

“உடம்பு பக்கத்துல காத்து நின்னா உடம்புச் சூடுதான் பதிவாகும். அதனால இந்த விசிறி ஓடிக்கிட்டே இருக்கணும். தயவுசெஞ்சு யாரும் தொடாதீங்க” என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் தலையாட்டுவது மரியாதை. சம்மதம் வேறு விஷயம்.

முதல் சுற்று முடிவு வந்தது. எல்லாத் தடங்களிலும், எல்லா நேரத்திலும், எல்லா ஓட்டுநருக்கும் முப்பத்தைந்துக்குப் பக்கத்திலேயே நின்றது. வெளியே தார் உருகிக்கொண்டிருந்த மதியத்திலும் அதுதான். விடியற்காலை முதல் வண்டியிலும் ஏறக்குறைய அதுதான். மேலாளர் முகம் மலர்ந்து, எங்கள் பேருந்துகளின் “சீரான வெப்பச் சூழலை”ப் பாராட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். இன்னும் ஒரே ஒரு வாரம் அளக்கலாம், அப்புறம் கோப்பை மூடிவிடுவோம் என்றும் அதிலேயே சேர்த்திருந்தார். அதே வாரத்தில் ஸ்ரேட்டென் நீண்ட மருத்துவ விடுப்பு முடிந்து மதிய வண்டிக்குத் திரும்பியிருந்தான்.

விதோசவா தொலைபேசியில் போட்ட கூச்சலில் பேராசிரியர் மறுநாளே ஓடிவந்தார்.

“உங்க பொம்மையைக் கொண்டுபோய் ஆத்துல போடுங்க, புரொபசர்! என் சீட்ல முட்டை வேகும், அது முப்பத்தஞ்சுங்குது!”

பேராசிரியர் அவளுடைய காலரையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவி, மூடி, விசிறி எல்லாவற்றின் மேலும் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி அழகாக ஒட்டப்பட்டு, மொத்தமும் சட்டைக்குள் செருகப்பட்டிருந்தது. பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார், அவனுக்கும் பிளாஸ்திரி. ஸ்ரேட்டென் மட்டும் சற்று வசதியானவன். கம்பளித் துண்டால் சுற்றியிருந்தான்.

“இதை யார் பண்ணினது?”

“விதாக்காதான் குடுத்தாங்க” என்றான் இளைய ஓட்டுநர் ஒருவன், பேருந்தின் முதலுதவிப் பெட்டியைக் காட்டி. பெட்டி காலியாக இருந்தது.

“பின்ன என்ன? நாள் பூரா கழுத்துல ஊதிக்கிட்டே இருந்தா மனுஷன் என்னத்துக்காவான்?” என்றாள் விதோசவா.

“அம்மா, அது ஊதலை. உள்ள இழுக்குது!”

“இழுக்குதா? அது இன்னும் மோசம்! இழுக்குற காத்து எங்கேருந்து வருது? என் கழுத்தைத் தாண்டித்தானே வரணும்?”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

“நீங்க யாரும் பஸ்ஸை அளக்கலை. எல்லாரும் சேர்ந்து அவங்கவங்க அக்குளை அளந்திருக்கீங்க. அது எப்பவும் சீராத்தான் இருக்கும்.”

யாரோ சிரித்தார்கள். விதோசவா சிரிக்கவில்லை. அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள், வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஸ்ரேட்டெனைப் பார்த்தாள். பிறகு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். யாரைச் சொன்னாள் என்பது இன்றுவரை தெளிவில்லை.

“நில்லுடா. அந்தத் துண்டை அவுரு.”

“மாட்டேன் விதா. மயக்கம் வந்தா தெளிஞ்சிடும். கழுத்து புடிச்சிக்கிட்டா யாரு வந்து திருப்பி விடுவா?”

“போன வருஷம் உன்னைத் தர்பூசணிக்காரன் புடிச்சான். இந்த வருஷம் எவன் புடிப்பான்? அவுருங்கிறேன்ல!”

“அப்போ இது தப்புன்னு நீயே சொல்றியா? காத்து ஒண்ணும் பண்ணாதா?”

“பண்ணும்! கழுத்து புடிக்கும், பல்லு வலிக்கும், எல்லாம் வரும். வந்தா வரட்டும். இந்த ஒரு வாரம் நாம எல்லாரும் சேர்ந்து நோவுல படுப்போம். ஏசி வந்தப்புறம் ஒவ்வொருத்தரா எந்திரிப்போம்.”

ஸ்ரேட்டென் முணுமுணுத்தபடி துண்டை அவிழ்த்தான்.

ஆனால் கழுத்துக்குக் காவலில்லாமல் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. கழுத்தில் தேய்த்துவிட வீட்டிலிருந்து ரக்கியா என்ற பழச் சாராயப் புட்டி வந்தது. ஈரம் காயாமல் கருவியை மாட்டினால் அளவு இறங்கிவிடும் என்று பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். “காயட்டும், நாங்க என்ன ரயிலா ஓட்டுறோம்?” என்றாள் அவள். அந்த வாரம் முதல் வண்டிகள் எல்லாம் தாமதமாகவே கிளம்பின.

இரண்டாம் சுற்று முடிவில் மதிய வண்டிகள் நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று காட்டின. ஸ்ரேட்டெனின் பழைய வண்டி அதையும் தாண்டியது. மேலாளர் தன் அறிவிப்பைத் தானே கிழித்தார். அடுத்த மாதம் குளிர்சாதன இயந்திரங்கள் வந்தன. முதல் இயந்திரம் ஸ்ரேட்டெனின் வண்டிக்குப் போனது. விதோசவாவுக்கோ அந்த அளவு வாரத்தின் கடைசியிலேயே நிஜமாகவே கழுத்து பிடித்துக்கொண்டது. இடதுபக்கம் திரும்ப முடியாமல் நாட்கணக்கில் ஊரெல்லாம் வெற்றி நடை நடந்தாள், “சொன்னேனா இல்லையா?” என்று கேட்டபடி.

ஆய்வின் இறுதி அறிக்கை, “கருவிகளில் ஏற்பட்ட சிறு தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது” என்கிறது. விதோசவா அந்த வாரம் தினமும் காலையில் பணிமனை வாசலில் நின்று, ஒவ்வொரு ஓட்டுநரின் கழுத்திலும் சாராயத்தைத் தேய்த்து, அது காயும்வரை காத்திருந்து, அவர்கள் மறுபடி ஒட்டிக்கொண்டு வந்த பிளாஸ்திரியைத் தன் நகத்தால் உரித்தெடுத்தாள்.