நடுவர் பார்க்காவிட்டாலும் அவுட்டுதான்

கபடிப் பயிற்சியாளருக்கு முதல் பத்து வருஷத்தில் முழங்கால் போகும். அதற்குப் பிறகு தூக்கம் போகும். கழுத்தில் விசில் தொங்குகிற அத்தனை பேருக்கும் இது தெரிந்த கதைதான்.

கை தூக்கியவன்

கச்சிராயபாளையத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிராளி தொட்டுவிட்டால், நடுவர் கவனிக்காவிட்டாலும், தொடப்பட்டவன் தானே கையைத் தூக்கிவிட்டு வெளியே போய்விட வேண்டும். தியாகதுருகத்தில் ஓர் அரையிறுதி. ஆட்டம் சமநிலை, கடைசிப் பாட்டு. கபடி பாடி வந்தவனின் விரல் எங்கள் இடது ஓரத்து ஆட்டக்காரன் வெள்ளையனின் சட்டை நுனியில் உரசியது. நடுவர் பார்க்கவில்லை. கல்வராயன் மலைக்காரனான வெள்ளையன் கையைத் தூக்கினான். ஒரு புள்ளியில் தோற்றோம்.

எனக்குத் தோற்ற மாதிரியே இல்லை. எதிரணிப் பயிற்சியாளர் கை குலுக்க வந்தார். "இன்னா சார், டீம் நடத்திக்கினு இருக்கீங்களா, இல்ல மடம் நடத்திக்கினு இருக்கீங்களா?"

மரவள்ளிக் காட்டில்

போன வருஷம் சீசன் தொடங்குகிற நேரத்தில் வெள்ளையனைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் அப்பா காலத்து நாட்டுத் துப்பாக்கி, உரிமம் கிடையாது. அதை எடுத்துக்கொண்டு மரவள்ளிக் கொல்லைக்குப் போயிருக்கிறான். வழக்கு, பதினைந்து நாள் சிறைக்காவல். செய்தி வந்த அன்றே அவன் பெயரை அடித்துவிட்டேன். என்ன நடந்தது என்று யாரிடமும் கேட்கவில்லை. கண்டிப்பானவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு.

ஜாமீனில் வந்து நின்றான். "மரவள்ளியில பன்னி பூந்துடுச்சு சார். சுடல. வெரட்டலாம்னு தூக்கிக்கினு போனேன்."

"துப்பாக்கின்னா துப்பாக்கிதான். இந்த சீசன் முழுக்க நீ வெளியே."

அவன் முகம் மாறவில்லை. "செரிங்க சார். சட்டம்னா எல்லாருக்கும்தானுங்களே."

ஜீப்பில்

பிரபா எங்கள் மண்ணில் உருண்டு பழகியவன். இன்று டி.வி.யில் வருகிற தொழில்முறை ஆட்டக்காரன். அவன் பெயரைச் சொன்னாலே என் நெஞ்சு ஓரங்குலம் விரியும். அதே சீசனில் திருவிழாப் போட்டிக்கு எங்களுக்காக ஆட வந்தவனை வடக்கனந்தலில் திறந்த ஜீப்பில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். ஜீப்பில் நின்றபடி, தன் மாமாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை வாங்கி வானத்தைப் பார்த்து இரண்டு முறை சுட்டான். உரிமம் மாமாவுக்கு, விரல் இவனுக்கு. ரவைகள் ஒரு டீக்கடையின் தகரக் கூரையில் சடசடவென்று விழுந்தன. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

வீடியோவை ஊரே பார்த்தது. விசாரிக்க வந்த காவலர் பிரபாவோடு செல்பி எடுத்துக்கொண்டு, ஊர்வலத்தில் வேட்டு வெடித்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். கேட்டவர்களிடமெல்லாம் நானும் "ஆர்வக் கோளாறு" என்றேன். அந்தக் கடையில் டீ குடிக்கப் போனபோதும் அதையேதான் சொன்னேன். கடைக்கார அம்மா கிளாசை எதிரே வைத்துவிட்டு, ஓட்டை விழுந்த கூரையை அண்ணாந்து பார்த்தார். "மலைக்காரன் தூக்கினா துப்பாக்கி, உங்காளு சுட்டா வேட்டா சார்?"

டீ ஆறிப்போயிற்று.

என் முறை

மறுநாள் காலை பயிற்சி. வெள்ளையன் அன்றைக்கும் வந்து சுண்ணாம்பில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஆடத் தடை, கோடு போட யாரும் தடுக்கவில்லை என்று தினமும் வருவான். என் கையில் போட்டிக்கான பட்டியல். முதல் பெயர் பிரபா. சுவரொட்டி முழுக்க அவன் முகம். அவன் ஆடினால் கோப்பை எங்களுக்குத்தான்.

டீக்கடையில் என்னைத் தொட்டுவிட்டார்களே, எந்த நடுவரும் பார்க்கவில்லை என்பதற்காக உள்ளேயே நின்றுகொண்டிருக்கிறேனே என்று தோன்றியது. எல்லோரையும் கூப்பிட்டு, கையைத் தூக்கினேன். "வெள்ளையனை ஒரு வார்த்தை கேக்காம வெளியே போட்டேன். பிரபாவைக் கண்ணால பார்த்துட்டும் உள்ள வச்சிருக்கேன். ரெண்டும் என் தப்பு. இந்தப் போட்டிக்கு நான் கோட்டோரம் உக்கார மாட்டேன். பிரபாவும் வெள்ளையன் மாதிரியே இந்த சீசன் ஆட மாட்டான்."

பிரபாவின் முகம் சிவந்தது. "என் மூஞ்சிக்குத்தான் ஜனம் வருது. இன்னா சார் பேசறீங்க?" என்று வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டான். வெள்ளையன் மட்டும் சுண்ணாம்பு வாளியோடு என் அருகில் வந்தான். "கைய எறக்குங்க சார், வலிக்கப் போவுது."

காவல் நிலையத்தில்

மூன்று நாள் கழித்து, போட்டியன்று காலை, பிரபா வந்தான். மாமாவுக்குத் தெரியாமல் காவல் நிலையத்துக்குப் போய், 'சுட்டது நான்தான், வழக்கை என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்' என்று கேட்டிருக்கிறான். அவர்கள் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. "நான் கைய தூக்கிட்டேன் சார். அம்பயருதான் பாக்க மாட்டேங்குறாரு."

அன்று கூட்டத்தோடு கூட்டமாக நானும் பிரபாவும் வெள்ளையனும் தரையில் உட்கார்ந்து, எங்கள் குழு இரண்டாம் சுற்றிலேயே தோற்றதைப் பெருமையோடு பார்த்தோம். என்ன, ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனவர்களில் மறுநாள் கோர்ட் வாய்தாவுக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது வெள்ளையன் ஒருவனுக்குத்தான்.