துண்டுக்கடியில் ஒரு கை

என் மனைவியின் அண்ணனுக்கு நான் மோரில் தூக்க மாத்திரை கலந்து கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஏறக்குறைய மூன்று வாரம். கொல்லும் எண்ணமெல்லாம் கிடையாது, அவ்வளவு தைரியம் எனக்கு எங்கே? அவர் வாயை மூட வேண்டும், அதுதான் ஆசை. அப்போது நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது கௌரவம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மச்சான் ஆட்டு வியாபாரி. வியாழக்கிழமை தோறும் அய்யலூர்ச் சந்தையில் நிற்பார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. எனக்கும் அவருக்கும் கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்தே ஆகாது. என்னைப் பார்த்துவிட்டு, "கெடாயின்னா பல்லப் பாக்கலாம், இவன்ட்ட எதப் பாக்க?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டவர். பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்தால் சக ஆசிரியர்கள் சிரிப்பார்கள். இவர் முன்னால் நான் சொன்ன ஒரு வேடிக்கைகூட எடுபட்டதில்லை.

கோடை தொடங்கும் சமயம், சந்தையிலிருந்து ஆட்டு லாரியின் மேல்பலகையில் உட்கார்ந்து வந்தவர், வடமதுரை தாண்டி லாரி சட்டென்று நின்றதில் தலைகுப்புற விழுந்தார். மதுரையில் இரண்டு வாரம் ஆஸ்பத்திரிவாசம். உயிர் வந்தது. வலது கால் இழுத்துக்கொண்டது, வலது கை செத்துப்போன மாதிரி தொங்கியது. இருந்த ஒரே சொந்தம் தங்கைதான். ஆகவே பேகம்பூரில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தார்.

பேச்சு குழறியது. சோறு என்று சொல்ல வந்தால் வேறு ஏதோ வரும். ஆனால் ஒரு அதிசயம், வசவு மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. "என்னலே பாக்குற? எந்தலையில கொம்பா மொளச்சிருக்கு? போலே, சாக்பீஸ் தின்னி!" இதில் ஒரு எழுத்துகூடச் சிதையாது. அது முடிந்ததும், "த... தண்..." என்று தண்ணீருக்குத் திணறுவார்.

எங்கள் தெருக்கோடியில் இருந்த வயதான டாக்டர் வந்து பார்த்தார். மதுரையில் எழுதிக்கொடுத்த பினோபார்பிட்டோன் மாத்திரையை, வலிப்பு வராமலிருக்க, படுக்கும்போது அரை மட்டும் கொடுக்கச் சொன்னார். பிறகு கையைத் தூக்கிப் பார்த்தார்.

"இதச் சும்மா போட்டு வைக்காதீங்க வாத்தியாரே. மூளையில அடிபட்ட எடத்துக்குப் பக்கத்துல இருக்கறது அந்த வேலையக் கத்துக்கிரும். ஆனா நாமதான் கத்துக்குடுக்கணும். மொத மூணு நாலு மாசம்தான் பருவம். அவருக்குப் பழகின வேலையாக் குடுங்க."

"பழகின வேலைன்னா வையிறதுதான் டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. என் மனைவிதான் சொன்னாள்: "அண்ணனுக்குப் பழகினது துண்டுக்கடியில விரல் பிடிக்கிறது."

சந்தையில் ஆட்டு விலையை வாயால் சொல்லமாட்டார்கள். வாங்குகிறவர், விற்கிறவர் இருவர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எத்தனை விரல் பிடிக்கிறாரோ அது கணக்கு. சுற்றி நிற்கும் நூறு பேருக்கு ஒன்றும் தெரியாது. வலது கைதான் கொடுக்க வேண்டும், இடது கையை நீட்டினால் எதிராளி எழுந்து போய்விடுவான். அந்த வலது கை போனால் மச்சானுக்குத் தொழில் போயிற்று. அவரே குழறிக் குழறி ஒரு நாள் சொன்னார்: "ஆடிக்குள்ள... கை வரணும். இல்லாட்டி எவனாச்சும்... எம் எடத்துல அவந்துண்டப் போட்டுருவான்." ஊர் ஊருக்குச் சாமிக்குக் கிடா வெட்டும் மாதம் அது. ஒரு வருஷத்து வியாபாரம் அந்த நான்கு வியாழக்கிழமைகளில்தான்.

ஆக, தினமும் காலையில் கயிற்றுக் கட்டிலில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, துண்டுக்கடியில் கையைக் கோத்துக்கொண்டோம். கல்யாணத்தன்றுகூட என் கையைத் தொடாத மனிதர். நான் ஒரு விரலை அவர் உள்ளங்கையில் வைப்பேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடிக்கப் பார்ப்பார். ஒன்றும் நடக்காது. பிடிக்க முடியாத கோபமெல்லாம் என் மேல் வசவாகப் பொழியும். பத்துப் பதினைந்து நாள் இப்படியே போனது. ஒரு காலை, அவர் கட்டைவிரல் என் விரலின் மேல் பல்லி அசைகிற மாதிரி அசைந்தது. அப்புறம் ஒரு விரல் பிடித்தார். பிறகு இரண்டு. மே மாதக் கடைசியில் மூன்று விரலையும் சேர்த்துப் பிடித்து, "மூணுடா! மூணுலே வாத்தி!" என்று கத்தினார். கூடவே என் பரம்பரையையும் இழுத்தார். அடுத்த வீட்டு பாய் சுவரைத் தட்டி, "என்னா வாத்தியாரே, சண்டையா?" என்றார். "இல்ல பாய், சந்தோஷம்" என்றேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. சாயங்காலம் வீட்டில் எட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன். அறைக்கு அந்தப்பக்கம் மச்சான். நான் பின்னம் நடத்த, அவர் என்னை நடத்துவார். ஒரு பையனின் தகப்பனார் வாசலிலேயே நின்று கேட்டார்: "சார், எம்மவன் தெனமும் புதுசு புதுசா வார்த்தை கத்துக்கிட்டு வாரான். கணக்குதான் வரலை." அடுத்த வாரம் எட்டு ஐந்தானது.

அப்போதுதான் அலமாரியில் இருந்த மாத்திரை என் கண்ணில் பட்டது. ராத்திரி அரை மாத்திரைக்கு அவர் ஆறு மணி நேரம் பேசாமல் இருக்கிறார். பகலில் ஒன்று கொடுத்தால்? இது ஒரு சுகாதார ஆசிரியனின் ஆராய்ச்சி. காலை எட்டு மணிக்கு மோரில் ஒன்று, பள்ளி விட்டு வந்து நாலு மணிக்கு ஒன்று. வீடு அடங்கிப்போனது. பள்ளிக்கூடத்தில், "மச்சானை மடக்கிட்டேன்யா" என்று பீற்றிக்கொண்டேன். எப்படி என்று கேட்டவர்களிடம், அன்பால் என்றேன்.

மனைவிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. "ஏங்க, மூணு நாளா அண்ணன் யாரையும் வையல. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"பக்குவம் வந்துருச்சுடி."

"அவருக்கா?"

அந்த வாரமே கையும் அடங்கத் தொடங்கியது. மூன்று விரல் இரண்டானது. இரண்டு ஒன்றானது. துண்டுக்கடியில் என் விரலை வைத்தால் அவர் கண் சொருகும், கை ஈரத்துணி மாதிரி கிடக்கும். இந்த இடத்தை எழுத எனக்கே கூசுகிறது: நான் அவரைத் திட்டினேன். "மனசு வைக்கணும் மச்சான். பகலெல்லாம் படுத்துக் கெடந்தா கை எப்படி வரும்? ஆடி வேணுமா வேணாமா?"

"ஆமா மாப்ள" என்றார்.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் முதல்முறையாக மாப்பிள்ளை என்று கூப்பிட்டிருக்கிறார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்னடாவென்றால், மரியாதை வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். தன் கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, யாருடையதோ மாதிரி அதையே அவர் பார்த்துக்கொண்டிருந்ததை, பார்த்தும் பார்க்காத மாதிரி செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

மாட்டிவிட்டது கம்பவுண்டர். வாத்தியார் அதே மாத்திரையை மூன்றாம் தடவையாக வாங்கிப் போகிறார் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். மச்சானின் இமையைத் தூக்கிப் பார்த்தார், தன் விரலைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஒரு நாளைக்கு எத்தனை குடுக்குற?" அதுவரை இருந்த 'ங்க' காணாமல் போயிருந்தது.

"அரை... அதோட பகல்ல ரெண்டு."

"தூக்கம் அவருக்கு வரலையா, ஒனக்கு வரலையா?"

மனைவி அடுப்படி வாசலில் நின்றாள். மச்சான் கட்டிலில் அரைக்கண்ணோடு கிடந்தார். இருவரும் கேட்கும்படியே டாக்டர் சொன்னார்: "அடிபட்ட மூளை முழிச்சிருந்து பாடம் படிச்சுக்கிட்டிருக்கு. நீ பள்ளிக்கூடத்தையே இழுத்துப் பூட்டிட்டு, பையன் படிக்க மாட்டேங்குறான்னு பெரம்பத் தூக்குற. இந்த மருந்து வலிப்ப மட்டும் அமுக்காதுய்யா, எல்லாத்தையும் அமுக்கும்."

நான் உடனே, "இன்னைக்கே நிப்பாட்டிர்றேன்" என்றேன்.

"அதுவும் முட்டாத்தனம். சட்டுன்னு நிப்பாட்டினா வலிப்பு வரும். நான் சொல்றபடி கொறை."

பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு நரம்பு வைத்தியரிடம் இதைக் கேட்டேன். மூளைக்குள் ஒரு நரம்பு இன்னொன்றோடு பேசுவதே ரசாயனத்தால்தான், அதில் உசுப்பிவிடுவதும் உண்டு, அடக்கி வைப்பதும் உண்டு, கை கால் திரும்பப் பழகும் மாதங்களில் அடக்குகிற மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் பழக்கம் படியாது என்றார். எந்த விரல் என்னால் போனது, எது லாரியால் போனது என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆறுதலாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு ஆறுதலாக இல்லை.

மாத்திரை குறையக் குறைய வசவு திரும்பியது. முதல் நாள் வெறும் "போலே". நாலாம் நாள் சாக்பீஸ். என் மனைவி மகிழ்ச்சியில் அழுதாள். ஆனால் அண்ணனின் தட்டையோ டம்ளரையோ தொட அதற்குப் பிறகு அவள் என்னை விடவில்லை. துண்டுக்கடியில் மட்டும் என் கை தேவைப்பட்டது. மச்சான் அதைப் பிடித்த பிடியில் பயிற்சி எவ்வளவு, பகை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று வந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் வரவில்லை. ஆடி வந்தது, நான்கு வியாழக்கிழமையும் போயின.

ஆவணி முதல் வியாழன் அவரை அய்யலூருக்குக் கூட்டிப்போனேன். அவர் வழக்கமாக நிற்கும் புளியமரத்தடியில் வேறொருவர் நின்றிருந்தார். மச்சான் ஓரமாக நின்று, நான்கு ஆட்டை விற்க ஒரு வியாபாரியிடம் கையைக் கொடுத்தார். துண்டு மூடியது. வெளியே தெரிந்தது இரண்டு முகம்தான். மச்சான் நெற்றியில் வேர்த்தது. வியாபாரி பொறுத்துப் பார்த்தார், மறுபடி பிடிக்கச் சொன்னார், கடைசியில் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாலா அஞ்சான்னு வெளங்கலப்பா. வாயால சொல்லு."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மச்சான் குழறிக்கொண்டே விலையை வாயால் சொன்னார். பக்கத்தில் நின்றவன் அதைக் கேட்டு உடனே குறைத்துக் கேட்டான்.

திரும்பும் பஸ்ஸில் அவர் என்னை வையவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. வடமதுரை வந்ததும், "மச்சான், ஏதாச்சும் வைங்க" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன், குரல்தான் உடைந்துவிட்டது.

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, ஒரு வார்த்தையும் குழறாமல் சொன்னார்: "மொதல்ல இருந்தே ஒன்னைய எனக்கு ஆகாதுலே. ஏன்னுதான் தெரியாம இருந்துச்சு."