கரடியின் விரலில் மை

போன வாரம் எங்கள் பக்கத்துத் தோப்பில் போர்வெல் போட்டார்கள். வேலந்தாவளம் பக்கம் இது புதிதில்லை. முதலில் புழுதி வரும், பிறகும் புழுதி வரும், ஆனாலும் போடுவார்கள். மூன்று நாளும் அந்த வண்டி போட்ட சத்தத்தில் ஜன்னல் கம்பிகள் அதிர்ந்துகொண்டிருந்தன. எனக்கோ அந்த மூன்று நாளில்தான் படம் பார்த்தாக வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் நூலகமான வாயனசாலையில் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு கார்ட்டூன் படம் போடப்போகிறார்கள். எதையெல்லாம் போடலாம், ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விமர்சனம் எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் என்னிடம் கேட்டிருந்தார். ஸ்கூல் டீச்சருக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று தலையாட்டிவிட்டு, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஸ்டூடியோவின் படங்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டேன். படம் தொடங்கும் முன் குளத்தில் ஒரு கல் விழுந்து, வட்டம் வட்டமாக விரியும். அதுதான் அவர்களுடைய அடையாளம்.

என் மகள் கயல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டே நிமிஷம்தான். "அம்மா, ஒண்ணுமே கேக்க மாட்டீங்குது" என்று எழுந்து போய்விட்டாள். நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, ஒரு வசனமும் காதில் விழவில்லை, ஆனால் கதை ஓர் இடத்திலும் விட்டுப்போகவில்லை.

காட்டுவேலை முடிந்து வந்த கணவர் வாசலில் நின்று பார்த்தார். "ஏம்புள்ள, சத்தமே கேக்காம என்னத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கற?"

"எங்கப்பா இப்படித்தாங்க பாப்பாரு" என்றேன்.

அவர் கைகால் கழுவப் போய்விட்டார். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

நான் பிறந்தது மறையூருக்கு மேலே, மூணாறு போகிற பஸ் ஒரு வளைவில் இறக்கிவிட்டுப் போகும் தேயிலை எஸ்டேட்டில். அம்மாவுக்குக் கொழுந்து கிள்ளும் வேலை. அப்பாவுக்கு ஃபேக்டரியில், இலையை உருட்டும் ரோலர்களுக்குப் பக்கத்தில் வேலை. அப்பாவின் சட்டையில் பச்சையும் புளிப்புமாக ஒரு வாசனை இருக்கும். துவைத்தாலும் போகாது. இன்றைக்கும் தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்தவுடன் நான் முதலில் தேடுவது அந்த வாசனையைத்தான். கடைத்தூளில் அது வருவதில்லை.

அந்த ரோலர்கள் அப்பாவின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டன. நான் ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் முழுதாகவே போய்விட்டது. காது போனதைவிட, அதனால் வந்த சிரிப்புதான் அவரை ஒடுக்கியது. டீக்கடையில் யாராவது "மழை வருமா அண்ணாச்சி?" என்று கேட்டால், "சாப்பிட்டாச்சு" என்பார். கடையே சிரிக்கும். இன்னொரு சங்கடம், அவருடைய குரல். மிஷினுக்கு மேலே கேட்கவேண்டும் என்று கத்திப் பழகிய குரல் அது. தன் குரல் தனக்கே கேட்காததால் அது குறையவே இல்லை. அவர் சாதாரணமாக "தண்ணி குடு" என்று சொன்னாலே, வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயம் முழுக்கக் கேட்கும். பையன்கள் அதைப் பேசிக்காட்டுவார்கள். அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார், யூனியன் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். ஃபேக்டரி விட்டால் வீடு, வீட்டிலும் பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர். அவர் மனைவியை நாங்கள் டாக்டரம்மா என்போம். அந்த அம்மாவின் தங்கை வெளிநாட்டிலிருந்து நிறைய வீடியோ கேசட் அனுப்பியிருந்தாள். எல்லாம் அந்த ஸ்டூடியோவின் கார்ட்டூன் படங்கள். "பிள்ளைகளுக்கும் ஒரு சந்தோஷம் வேண்டே?" என்று சொல்லி, டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் குழந்தைகள் காப்பகத்தில் டிவியைக் கொண்டுவந்து வைத்தார். கைக்குழந்தைகளின் தொட்டில்களைச் சுருட்டி உத்தரத்தில் கட்டிவிட்டு, பாலும் பினாயிலும் மணக்கும் அந்தக் கூடத்தில் நாங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பிள்ளைகளுக்கு என்றுதான் பெயர், பெரியவர்களும் வந்தார்கள். மறையூரிலிருந்து யாராவது உருண்டை வெல்லம் கொண்டுவந்திருந்தால் இடைவேளையில் ஆளுக்கு ஒரு துண்டு கிடைக்கும்.

ஒரே சிக்கல், படங்கள் இங்கிலீஷில் இருந்தன. நான் அந்த வருஷம்தான் மூணாறில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்திருந்தேன். ஆகவே டிவி பக்கத்தில் நின்று தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்தப் பெருமையில் எனக்கு நடை கொஞ்சம் மாறிவிட்டது என்று அம்மா பின்னாளில் சொல்வாள். என் இங்கிலீஷின் லட்சணம் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு கிழட்டு ஆமை இரண்டு நிமிஷம் மூச்சுவிடாமல் பேசும். எனக்கு அதில் இரண்டு வார்த்தை பிடிபடும். "அவருக்குப் பசிக்குதாம்" என்பேன். என் மொழிபெயர்ப்பில் எல்லா மிருகங்களுக்கும் எப்போதும் பசிதான்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, அம்மா அப்பாவை வற்புறுத்தி இழுத்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் கடைசியில் சுவரோரம் உட்கார்ந்தார்.

அன்று போட்டது தபால்காரக் கரடியின் படம். பனி ஊர். ஒரு முயல்குட்டியின் அப்பா கப்பலில் போயிருப்பார். அது தினமும் வாசலில் கடிதத்துக்காகக் காத்திருக்கும். ஒருநாள் கரடி கடிதம் கொண்டுவந்து கொடுக்கிறது. முயல்குட்டி பிரித்துப் படித்துத் துள்ளுகிறது. நான் கணீரென்று அறிவித்தேன்: "அப்பா எழுதியிருக்காராம். அடுத்த வாரம் வாறாராம்." பெண்களெல்லாம் பெருமூச்சு விட்டார்கள்.

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்து கூரையில் மோதியது. "இல்லட்டி! அதுக்க அப்பன் எழுதல. கரடிதான் எழுதியிருக்கு. அது விரலப் பாரு, மை!"

தூங்கிக்கொண்டிருந்த குழந்தை ஒன்று வீறிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

"காதே கேக்காது. இவருக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். பையன்கள் சிரித்தார்கள். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் படத்தில் அந்தக் காட்சி வந்தது. கரடி தன் வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, மையைத் தொட்டுத் தொட்டு எழுதுகிறது. எழுதி, கசக்கிப் போட்டு, மறுபடி எழுதுகிறது.  அடுத்த வீட்டுப் பேச்சியம்மா மதினி தொடையில் அடித்துக்கொண்டாள். "அடி ஆத்தி, அண்ணாச்சி சொன்னது சரிதான்!" எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. அப்பா அங்கே இல்லை. எழுந்து போயிருந்தார்.

அவருக்குத்தான் காது கேட்காதே, நான் சொன்னது எப்படித் தெரியும் என்று இரண்டு நாள் என்னை நானே தேற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கச் சடையைப் பின்னி முடித்தாள். பிறகு சொன்னாள்: "வரைஞ்சு வச்ச கரடி மொகத்தையே படிச்சிட்டாரு. பெத்த மக மொகத்தப் படிக்க மாட்டாராக்கும்?" அன்றைக்குப் பின்னல் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கோடாலியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். நான் கிளம்பும்போது பேச்சியம்மா மதினி இன்னும் நாலைந்து பேரோடு வாசலில் நின்றாள். "ஏட்டி, ஒன் கதையில எல்லாத்துக்கும் பசிக்கி. ஒங்கப்பாவக் கூட்டிட்டு வா. அவரு சொல்லட்டும்."

போனேன். அவர் முன்னால் நின்றேன். என்ன சொல்வது? அவருக்குக் கேட்கும்படி மன்னிப்புக் கேட்க யாராலும் முடியாது. கத்தினால் லயம் முழுக்கக் கேட்கும், அவருக்கு மட்டும் கேட்காது.  என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அப்பா ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். பிறகு கோடாலியைக் கீழே வைத்தார்.

"சரி, சரி. அழாத. வா, போவோம்."

அதுவரை நான் அழவில்லை. அவர் சொன்ன பிறகுதான் அழுதேன்.

அன்றிலிருந்து அப்பாவின் இடம் டிவிக்குப் பக்கத்தில். படத்தைப் பார்ப்பார், கூடத்தின் பக்கம் திரும்பிச் சொல்வார். "இவன் பொய் சொல்லுதான்." "அவளுக்கு உள்ளுக்குள்ள பயந்தான். பிள்ளைகளுக்குக் காட்டாம நிக்கா." எனக்கு உண்மையிலேயே ஏதாவது வார்த்தை புரிந்தால் அவர் கையைத் தொடுவேன், உதட்டை மெதுவாக அசைத்துச் சொல்வேன், அவர் தலையாட்டிச் சேர்த்துக்கொள்வார். தகரக் கூரையில் மழை அடிக்கும்போதுகூட கடைசி வரிசைக்கு அவர் குரல் கேட்டது. அந்தக் கூடத்துக்கு அப்படி ஒரு குரல்தான் வேண்டியிருந்தது.

டீக்கடையில் ஆட்கள் அவர் முன்னால் வந்து, முகத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தார்கள். யூனியன்காரர்கள்கூட வந்து கூப்பிட்டார்கள். "அண்ணாச்சி, மேனேஜர் பேசும்போது சும்மா பாத்துக்கிட்டு இருங்க. மனசுல என்ன இருக்குன்னு பெறகு சொல்லுங்க." அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. பிறகு டாக்டர் வேறு ஊருக்கு மாறினார். கேசட்டுகளும் போய்விட்டன.

போர்வெல் வண்டி கிளம்பிய பிறகு, எல்லாப் படங்களையும் இன்னொரு முறை தமிழ்க் குரலில் பார்த்தேன். நாற்பதைத் தாண்டி முதல் முறையாக எனக்கு எல்லா வசனமும் புரிந்தது. விமர்சகி என்ற கெத்தோடு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு, அப்பா சொன்னதையெல்லாம் சரிபார்த்தேன் என்று வையுங்கள். அநேகமாக எல்லாம் சரி. ஓர் இடத்தில் மட்டும் வேறாக இருந்தது. அணையில் தண்ணீர் ஏறுவதால் ஒரு நீர்நாய்க் குடும்பம் வீட்டை விட்டுப் போகிற படம் அது. போகும்போது அம்மா நீர்நாய் ஒரு முறை திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லும். "வெளக்க அணைச்சோமான்னு கேக்கா" என்று அப்பா சொன்னார். இடுக்கியில் அணைக்கு வீட்டைக் கொடுத்தவர்கள் இரண்டு மூன்று பேர் அந்தக் கூடத்தில் இருந்தார்கள். அவர்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. வசனம் அப்படியில்லை. "அங்கே இதைவிட நல்ல வீடு கிடைக்கும்" என்கிறது அந்த அம்மா. நாலு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வாய் அதைத்தான் சொல்கிறது. கண் விட்டுவந்த வாசலிலேயே நிற்கிறது. வரைந்தவருக்கும் அது தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அந்த ஸ்டூடியோவை நான் கொண்டாடுவது இதற்காகத்தான். கையையும் முதுகையும் கழுத்தையும் அவ்வளவு கவனமாக வரைந்திருக்கிறார்கள். கரடி முதலில் பையை இடது தோளில் மாட்டுகிறது. படம் போகப் போக வலது தோளுக்கு மாற்றிக்கொள்கிறது. தோள் வலி என்று யாரும் சொல்வதில்லை. கெட்டவன் என்று ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவதுமில்லை. பனி, வெள்ளம், வயசு, இவைதான் அவர்களுடைய கஷ்டங்கள். எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. சமீபத்தில் கம்ப்யூட்டரில் செய்த படங்களில் எல்லாரும் ஓயாமல் பேசுகிறார்கள். ஒரு பறவை சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஏதாவது ஜோக் அடிக்கிறது. அதையும் எழுதினேன். செயலாளர் படித்துவிட்டுக் கூப்பிட்டார்: "ஏனுங்க டீச்சர், எல்லாத்தையும் இப்படி ஒரேயடியாப் புகழ்ந்திருக்கறீங்களே." ஒரு குறை எழுதியிருக்கிறேனே, கடைசிப் பத்தியைப் பாருங்கள் என்றேன்.

அப்பா போய் நாலு வருஷமாகிறது. போன பூஜை விடுமுறையில் கயலைக் கூட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போயிருந்தேன். காப்பகக் கூடத்தில் உர மூட்டை அடுக்கிப் பூட்டு போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி இல்லை. பேச்சியம்மா மதினி மகனோடு திருப்பூரில் இருக்கிறாள். டீக்கடை இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் வண்டி நிறுத்துகிறார்கள். எங்கள் வீட்டில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து கிள்ள வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. நான் வீட்டையும் என்னையும் மாறி மாறிக் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தாள். பின்வாசல் பக்கம் கையைக் காட்டி, தன் பாஷையில் என்னிடம் நீளமாக ஏதோ சொன்னாள். நடுவில் ஒரு முறை குரல் தழுதழுத்தது, உடனே சிரித்துவிட்டாள். நானும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் வரும்போது, "அந்த அக்கா என்னம்மா சொன்னாங்க?" என்று கயல் கேட்டாள். தெரியவில்லை என்றேன். அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.