ஒட்டுப்பால் புகையில் என் கல்யாணம்

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்ததில் எனக்கு ஒரே ஒரு லாபம்: மெர்போக் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் புகைவீடு அடைபட்டது. ரப்பரை வாங்க ஆளில்லை. ஷீட்டுகளை உலர்த்தும் புகையும் நின்றது. சிங்கப்பூர் காலேஜ் மூடியதால் வீடு திரும்பியிருந்த நான், மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். சின்ன வயதிலிருந்து படுத்திய ஆஸ்துமா ஒழிந்தது என்றே நினைத்தேன். எங்கே ஒழிந்தது? புகை வரட்டும் என்று சும்மா இருந்திருக்கிறது.

கல்யாணமாகாத ஆண்களைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போகிறார்கள் என்ற பயத்தில் தோட்டமெங்கும் அவசரக் கல்யாணங்கள். எனக்குத் திக்காம் பத்து என்ற ஊரில் பெண் அமைந்தது.

"இழுப்பு இருக்குன்னு வாயத் தொறந்துடாதே. பொண்ணு குடுக்க மாட்டாங்க," என்றாள் அம்மா.

முகூர்த்தத்தன்று நெய் இல்லை, கற்பூரம் இல்லை, விறகோ ஈரம். கோயில் பண்டாரம் ஓமத்தீயை விசிறி விசிறி ஓய்ந்துபோனார்.

"எரிக்கிறதுக்கு நம்மகிட்ட இல்லாததா?" என்று என் தாய்மாமா, மரப்பட்டையில் ஒட்டிக் காய்ந்த ரப்பரை, அதாவது ஒட்டுப்பாலை, கை நிறைய அள்ளி ஓமத்தில் போட்டார். அப்போதெல்லாம் எங்கள் அடுப்புகளும் அதில்தான் எரிந்தன. தீ பிடித்தது. கூடவே கன்னங்கரேலென்று புகை.

கையில் தாலி. உள்ளே போன மூச்சு வெளியே வர மறுத்தது. நெஞ்சில் விசில்.

"என்னண்ணே சத்தம்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"மாப்பிள்ளதான்லா! கரியில ஓடுற பஸ்ஸு மாதிரி இரைக்கிறாரு."

கூட்டம் சிரித்தது. பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை, எழுந்துவிட்டார். "இந்தப் பையனுக்குச் சீக்கா? ஏன் சொல்லல?"

அம்மா முகத்தில் ஈயாடவில்லை. கல்யாணம் போச்சு என்று நானும் முடிவு செய்துவிட்டேன். அப்போதுதான் பெண்ணின் குரலை முதல் தடவையாகக் கேட்டேன்.

"இழுப்புப்பா. நம்ம அண்ணனுக்கு இருக்குல்ல, அதேதான். இது என்ன ஒட்டிக்கிற சீக்கா?"

சொன்னவள் என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"ஓமத்த விட்டு எந்திரிக்கக் கூடாதும்மா!" என்றார் தாய்மாமா.

"அப்ப நீங்க வந்து இந்தப் புகையில ஒக்காருங்க!"

காற்று வரும் பக்கமாக, ரப்பர் மரத்தடிக்கு இழுத்துப்போய் உட்காரவைத்தாள். "படுக்காதீங்க. முட்டியில கைய ஊனி முன்னால குனிங்க. வாயக் குவிச்சு மெதுவா ஊதுங்க. காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

ஊதினேன். சிரிப்பு வந்து கெடுத்தது. மறுபடி ஊதினேன். கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சு இளகியது.

அவள் அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் குந்தி, "இப்ப மூச்சு வருதா, மாப்பிள்ளை?" என்றார்.

அவ்வளவுதான். பண்டாரம் ஒரு தேங்காயெண்ணெய் விளக்கை மரத்தடிக்கே தூக்கி வந்தார். மேளக்காரர் புகையில் இருமிக்கொண்டிருந்ததால், கெட்டிமேளத்தைக் கூட்டமே வாயால் கொட்டியது. முதல் முடிச்சை நான் போட்டேன். மற்ற இரண்டையும் வழக்கப்படி என் அக்கா போட்டாள்.

"ஊதுறத நிறுத்தாதீங்க," என்று குனிந்த தலையோடு அதட்டினாள் என் மனைவி.